நான்கு துறைப் பட்டியல்களை ஒரே தரவுத் தரத்துக்குக் கொண்டுவருவது எப்படி: குமரி மாவட்ட அலுவலகங்களுக்கான முழு வழிகாட்டி

மீன்வளத் துறையிடம் படகுப் பட்டியல் இருக்கிறது. குடிமைப்பொருள் வழங்கல் துறையிடம் குடும்ப அட்டைப் பட்டியல். உள்ளாட்சியிடம் வீட்டுவரிப் பதிவேடு. வருவாய்த் துறையிடம் பட்டா. நீரோடி முதல் தேங்காய்ப்பட்டணம் வரையுள்ள கடலோரத்துக்கு இந்த நான்கையும் பொருத்தி, புயல் எச்சரிக்கை வந்ததும் எந்தப் படகில் யார் போயிருக்கிறார், கரையில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எடுக்க முடிய வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது, காணாமல் போனவர் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் நின்றதை இந்தக் கரையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் அநேகமாக எல்லோரும் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இரண்டு பட்டியலிலும் பெயர் இருக்கிறது, அதை வைத்துச் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். பெயர் கடைசியில் வர வேண்டியது. வரியின் (பட்டியலில் உள்ள ஒரு கிடைவரிசையின்) பொருள், நெடுவரிசை, எழுத்து, ஊர், எண், பெயர் என்பதே சரியான வரிசை. முந்தைய படி முடியாமல் அடுத்ததைத் தொட்டால் எல்லாவற்றையும் இரண்டாம் முறை செய்ய வேண்டிவரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் எழுத்துப்பூர்வமான உத்தரவு. என்ன நோக்கம், எந்தத் துறை எந்த நெடுவரிசையைத் தருகிறது, யார் பார்க்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். வாய்மொழியாக வாங்கிய கோப்பு, அதிகாரி மாறுதலாகிப் போனதும் யாருடையதும் இல்லாததாகிவிடும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு நலத்திட்டங்களுக்காகத் தரவைக் கையாள வழி விடுகிறது. ஆனால் அந்த வழி நோக்கத்தோடு கட்டப்பட்டது. நோக்கம் எழுதப்படாவிட்டால் காட்ட எதுவும் இருக்காது.

இரண்டாவது, ஒவ்வொரு துறையிலும் ஒரு தொடர்பு ஆள். கணினி இயக்குபவரைவிட, பதிவேட்டைப் பராமரிக்கும் உதவியாளரைப் பிடியுங்கள். ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்கு முன் வயது மட்டும்தான் எழுதினோம், தேதி எழுதவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, மூலக் கோப்பு. பிடிஎஃப்பாகவோ, அச்சிட்டு ஸ்கேன் செய்ததாகவோ வந்தால் திருப்பி அனுப்புங்கள். தட்டச்சு செய்து சரிசெய்யப் போனால் ஐந்தாவதாக ஒரு பட்டியல்தான் பிறக்கும்.

நான்காவது, மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவு. எல்ஜிடி என்று அழைக்கிறார்கள். மாவட்டம், வட்டம், ஒன்றியம், வருவாய் கிராமம், ஊராட்சி, நகர்ப்புற உள்ளாட்சி எல்லாவற்றுக்கும் அதில் குறியீடு உண்டு. பதிவிறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். ஏன் என்பது ஐந்தாம் படியில் வரும்.

2. ஒரு வரி எதைக் குறிக்கிறது என்று முடிவு செய்தல்

படகுப் பட்டியலில் ஒரு வரி என்பது ஒரு படகு. அட்டைப் பட்டியலில் ஓர் அட்டை. வீட்டுவரியில் ஒரு கட்டடம். பட்டாவில் ஓர் உட்பிரிவு. இவற்றில் எதுவுமே குடும்பம் அல்ல. ஒரே வீட்டில் மூன்று அட்டை இருக்கும். ஓர் அட்டையின் மகன் வேறு வீட்டில் இருப்பான்.

ஆகவே எல்லாவற்றையும் ஒரே நீளமான அட்டவணையாக ஒட்டாதீர்கள். நபர், அட்டை, படகு, வீடு என்று நான்கு தனி அட்டவணைகளும், எது எதோடு சேர்கிறது என்று சொல்லும் இணைப்பு அட்டவணைகளும் வையுங்கள். இரண்டு படகும் ஐந்து உறுப்பினர்களும் உள்ள ஓர் அட்டையை ஒரே அட்டவணையில் ஒட்டினால் பத்து வரி வரும். அதை எண்ணி அனுப்பினால் ஒரு குடும்பத்துக்குப் பத்து நிவாரணப் பொட்டலம். மேலிருந்து கேள்வி வரும்போது எங்கே வீங்கியது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போகும்.

3. தரவு அகராதி எழுதுதல்

ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பெயர், பொருள், வகை, நீளம், கட்டாயமா, எந்தத் துறை பொறுப்பு என்று எழுதுங்கள். புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் மின் ஆளுமைத் தரங்களில் நபர் அடையாளத்துக்கும் நிலப்பகுதிக் குறியீட்டுக்கும் தனித் தரமே வெளியாகியிருக்கிறது. அதிலிருந்து எடுத்துக்கொண்டு, நமக்குத் தேவையில்லாததை வெட்டுங்கள்.

பொறுப்பு என்பதுதான் இதில் சண்டை வரும் இடம். கைபேசி எண் நான்கு பட்டியலிலும் நான்கு விதமாக இருக்கும். எது சரி என்று வரிவரியாகப் பேசத் தொடங்காதீர்கள். கைபேசிக்கு இந்தத் துறை, படகு எண்ணுக்கு அந்தத் துறை என்று நெடுவரிசைக்கு ஒரு துறையாகப் பிரித்துவிடுங்கள். மற்றத் துறைகள் திருத்தம் கேட்கலாம், தாங்களாகத் திருத்தக் கூடாது.

நெடுவரிசை குறைவாக இருப்பது நல்லது. தேவைப்பட்டாலும் படலாம் என்று சேர்க்கும் ஒவ்வொன்றும் பாதி காலியாகவே கிடக்கும்.

4. எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றுதல்

தமிழக அரசு 2010-இலேயே ஒருங்குறியை (யூனிகோடு) தரமாக ஏற்றது. ஆனாலும் பழைய கோப்புகளில் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்கள் இன்னும் கிடக்கின்றன. இந்தக் கோப்புகளில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது.

இங்கே வரிசை மிக முக்கியம். சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பாகச் சேமித்தால் எழுத்துரு விவரம் போய்விடும், அட்டவணையின் எந்த அறையில் எந்த எழுத்துரு இருந்தது என்பதே தெரியாது. ஆகவே எக்செல் கோப்பாக இருக்கும்போதே, நெடுவரிசைக்கு நெடுவரிசை எழுத்துருவைப் பார்த்து மாற்றுங்கள். ஒரே அறையில் தலைப்பெழுத்தை ஆங்கிலத்திலும் பெயரை வானவில்லிலும் அடித்திருப்பார்கள். அதை அப்படியே எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டால் ஆங்கிலத் தலைப்பெழுத்தும் ஏதோ ஒரு தமிழ் எழுத்தாகிவிடும். யாரும் கவனிக்காத பிழை இது. மாற்றுவதற்கு முன் தலைப்பெழுத்தைத் தனி நெடுவரிசைக்கு எடுத்துவிடுங்கள்.

ஒருங்குறிக்கு வந்த பிறகும் வேலை முடியவில்லை. கௌசல்யா, கெளசல்யா என்ற இரண்டையும் பாருங்கள். கண்ணுக்கு ஒன்று. கணினிக்கு வேறு. முதலாவதில் ஔகாரக் குறி ஒரே எழுத்து. இரண்டாவதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும். இதை நிரல் தானாகச் சரிசெய்யாது, தேடி மாற்ற வேண்டும். ஆனால் ‘வெள்ளம்’ போன்ற சொல்லில் அதே கொம்பும் ளகரமும் முறையாகவே வரும் என்பதால், ஒரே அடியாக மாற்றாமல் பட்டியலிட்டுப் பார்த்து மாற்றுங்கள்.

கொல்லங்கோடு என்பதில் வரும் ‘கொ’ வேறு வகை. அதன் குறியை ஒரே எழுத்தாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். இதற்கு என்எஃப்சி என்னும் இயல்பாக்கத்தை (ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒன்றாக்கும் ஒருங்குறி முறை) ஓட்டினால் போதும், எல்லாம் ஒன்றாகிவிடும். காலுக்குப் பதில் ரகரத்தை அடித்திருப்பதும் உண்டு. அதற்குக் கண்தான் கருவி.

5. ஊரைக் குறியீடாக்குதல்

மொத்த வேலையில் பாதி இது. இதைச் சரியாகச் செய்தால் மற்றவை தானாக இறங்கும்.

நம் மாவட்டத்தில் ஒரே பெயர் பல அடுக்கில் நிற்கிறது. கிள்ளியூர் வட்டம், கிள்ளியூர் ஒன்றியம், கிள்ளியூர் பேரூராட்சி. திருவட்டாரும் அகஸ்தீஸ்வரமும் அப்படியே. கன்னியாகுமரி மாவட்டமும்தான், ஊரும்தான். பட்டியலில் வெறுமனே ‘திருவட்டார்’ என்று இருந்தால் அது எதைக் குறிக்கிறது என்று அந்தத் துறையிடம் கேட்காமல் குறியீடு போடாதீர்கள்.

இரண்டு மரங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வருவாய் மரம்: கோட்டம், வட்டம், குறுவட்டம், வருவாய் கிராமம். மற்றது உள்ளாட்சி மரம்: ஒன்றியம், ஊராட்சி, அல்லது தனியே நிற்கும் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. ஒரு வருவாய் கிராமம் இரண்டு உள்ளாட்சிகளில் பரவிக் கிடக்கலாம். பேரூராட்சிகள் இவ்வளவு நெருங்கி நிற்கும் மாவட்டத்தில் இது விதிவிலக்கு அல்ல. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் இரண்டு குறியீடு: வருவாய் கிராமக் குறியீடு, உள்ளாட்சிக் குறியீடு. ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்கிட முயலாதீர்கள்.

அடுத்தது காலம். 2019 வரை நான்கு வட்டங்கள், அதன்பின் திருவட்டாரும் கிள்ளியூரும் சேர்ந்து ஆறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டிய பட்டியலில் விளவங்கோடு என்று இருப்பது இன்று கிள்ளியூராக இருக்கலாம். நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சியானது. பழைய வீட்டுவரிப் பதிவேட்டில் ஏழுதேசம் பேரூராட்சி என்று இருப்பது இன்று கொல்லங்கோடு நகராட்சி. பழைய பெயர், புதிய குறியீடு, எந்த ஆண்டிலிருந்து என்று மூன்று நெடுவரிசையில் ஒரு மாற்று அட்டவணை வையுங்கள். பழைய பெயரை அழித்துவிட்டுப் புதியதை எழுதினால், நாளைக்கு மூலப் பதிவேட்டோடு ஒப்பிட வழியே இல்லாமல் போகும்.

துறைக் கிராமங்கள், அதாவது கடலோர மீனவ ஊர்கள், மூன்றாவது சிக்கல். மக்கள் ‘சின்னத்துறை’, ‘இரவிபுத்தன்துறை’ என்றுதான் சொல்வார்கள். தேவாலயப் பங்குப் பதிவேடும் படகுப் பட்டியலும் அந்தப் பெயரில்தான் ஓடும். இவற்றில் பலவும் தனி வருவாய் கிராமமும் அல்ல, தனி ஊராட்சியும் அல்ல. எனவே மாவட்ட அளவில் ஒரு துறைக் கிராமப் பட்டியல் தயாரித்து, ஒவ்வொன்றையும் மேலே சொன்ன இரண்டு குறியீட்டோடு இணையுங்கள். புத்தன்துறை என்று மட்டும் எழுதியிருந்தால் ராஜாக்கமங்கலம் பக்கத்துப் புத்தன்துறையா, இரவிபுத்தன்துறையா? மணக்குடி என்றால் மேலமணக்குடியா, கீழமணக்குடியா? நடுவில் பழையாறு ஓடுகிறது. கேட்டுத்தான் எழுத வேண்டும்.

ஒரு சின்ன கண்ணி. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டக் குறியீடு 629. நம் அஞ்சல் குறியீடுகளும் 629 என்றுதான் தொடங்கும். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. எல்ஜிடி மாவட்டக் குறியீடு வேறொரு எண். 629-ஐப் பார்த்ததும் மாவட்டக் குறியீடு இருக்கிறது என்று நிம்மதியாக நகர்ந்துவிடாதீர்கள்.

6. எண்ணும் தேதியும் அளவும்

எக்செல்லில் கோப்பை இருமுறை சொடுக்கித் திறப்பதுதான் இந்த வேலையில் அதிகச் சேதம் செய்யும் பழக்கம். தரவு என்ற பட்டியில் இருக்கும் இறக்குமதி வழியாக வாருங்கள், எல்லா நெடுவரிசையையும் ‘உரை’ என்று குறித்த பிறகே ஏற்றுங்கள். இல்லாவிட்டால் நடப்பது இது:

சர்வே எண் 12/4 என்பது ஏப்ரல் 12 அல்லது டிசம்பர் 4 ஆகிவிடும். உட்பிரிவு எண்ணெல்லாம் தேதியாகிப் போன பட்டியலைத் திருப்பி எடுக்க முடியாது, மூலத்துக்குத்தான் போக வேண்டும். வங்கிக் கணக்கு எண் 15 இலக்கத்துக்கு மேல் போனால், மிச்ச இலக்கங்களைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் உதிரும்.

தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று மட்டும் எழுதுங்கள்: 1978-06-05. இந்த வடிவத்தை எந்தக் கணினியும் புரட்டிப் படிக்காது. 05/06/1978 என்பது ஒரு கணினியில் ஜூன், இன்னொன்றில் மே. புரண்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: நெடுவரிசையில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால், நாள் 12-க்கு மேல் உள்ளவை மட்டும் உரையாக நின்றுவிட்டன, மற்றவை புரண்டுவிட்டன என்று பொருள். வயதைச் சேமிக்காதீர்கள், அடுத்த ஆண்டே பொய்யாகும். ஆண்டு மட்டும் தெரிந்தால் ஜனவரி 1 என்று இட்டுக் கட்டாமல், ஆண்டை மட்டும் எழுதி, உறுதி இல்லை என்று பக்கத்தில் குறியுங்கள்.

நில அளவில் பத்திரம் சென்ட் பேசும், பட்டா ஹெக்டேர்-ஏர் பேசும். சதுர மீட்டராக மாற்றிச் சேமியுங்கள். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், ஓர் ஏர் 100 சதுர மீட்டர். பட்டாவில் 4.50 ஏர் என்று இருப்பது 450 சதுர மீட்டர், அதாவது சுமார் 11 சென்ட். அதை நாலரை சென்ட் என்று படித்தால் வீட்டுக்காரர் நிலத்தில் பாதிக்கு மேல் காணாமல் போகும். பழைய சர்வே எண்ணுக்கும் ரீசர்வே எண்ணுக்கும் தனித்தனி நெடுவரிசை வையுங்கள்.

இருப்பிடப் புள்ளியை எடுத்தால் தசம டிகிரியில் எழுதுங்கள். படகுக்காரர்களின் ஜிபிஎஸ் கருவி பெரும்பாலும் டிகிரியும் தசம நிமிடமும் காட்டும். 8 டிகிரி 10.5 நிமிடம் என்பது 8.175, அதை 8.105 என்று எழுதிவிடுவார்கள். ஏழு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். கரையில் எடுத்த புள்ளி என்றால் அகலாங்கு 8-க்கும் 8.6-க்கும் இடையில், நெட்டாங்கு 77-க்கும் 77.7-க்கும் இடையில் இருக்க வேண்டும். இரண்டும் இடம் மாறினால் வீடு ஆர்க்டிக் கடலில் நிற்கும்.

படகு எண்ணில், நம் கரைப் படகுகளுக்கு மாநில எழுத்துக்குப் பின் 15 வரும் என்பதை வைத்துச் சரிபார்ப்பு விதி எழுதிவிடாதீர்கள். தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் பல கேரளத் துறைமுகங்களிலிருந்து ஓடுகின்றன, கேரளப் பதிவு எண்ணோடும் இருக்கின்றன. விதி அவற்றைப் பிழை என்று தள்ளிவிடும். தேடவேண்டிய படகே அதுவாக இருக்கும்.

7. ஆதார் எண்ணைச் சாவியாக்காமல் இருத்தல்

இது சின்னப் படி, ஆனால் தவறினால் பெரிய சிக்கல். பட்டியல்களை இணைக்கும் சாவியாக ஆதார் எண்ணைக் கோப்புகளில் சுமந்து திரியக் கூடாது. ஆதார் ஆணைய விதிப்படி எண்ணைத் தனிப் பெட்டகத்தில் வைத்து, வெளியே ஒரு மாற்றுக் குறியைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்த வசதி மாவட்ட அலுவலகக் கணினியில் இருக்காது. கடைசி நான்கு இலக்கம் மட்டும் வந்தால் போதும், சந்தேகம் தீர்க்க அது உதவும்.

குடும்ப அட்டை எண்ணும் ஆதாரைப் போலவே 12 இலக்கம் என்பதால், ஒன்றின் இடத்தில் மற்றது அடிபட்டிருக்கும். ஆதார் எண் 0 அல்லது 1-இல் தொடங்காது, கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம் என்ற இரண்டையும் வைத்து அட்டை எண் நெடுவரிசையைச் சோதித்து, ஒளிந்திருக்கக்கூடிய ஆதார் எண்களைப் பட்டியலிட்டுப் பார்த்து வெளியேற்றுங்கள்.

8. பெயரைப் பொருத்துதல்

இப்போதுதான் பெயர். ஊர்க் குறியீடு சரியாக இருப்பதால் ஒரு துறைக் கிராமத்துக்குள் மட்டும் தேடினால் போதும். மாவட்டம் முழுக்கத் தேடினால் ஒவ்வொரு பெயருக்கும் பத்துப் பொருத்தம் வரும்.

மூலப் பெயரைத் திருத்தாதீர்கள். பக்கத்தில் பொருத்துப் பெயர் என்று இன்னொரு நெடுவரிசை வைத்து, அதில் எழுத்துக்கூட்டலைச் சீராக்குங்கள். நம் பக்கத்தில் ஜாண் என்று எழுதுவோம், சென்னை மென்பொருளில் அடித்தவர் ஜான் என்றிருப்பார். ஆன்றனி, ஆண்டனி, அந்தோணி. றோஸ், ரோஸ். இயேசுதாசன், யேசுதாசன், ஏசுதாசன். இப்படி ஒரு மாற்றுப் பட்டியலைத் தொடர்ந்து வளர்த்துக்கொண்டே போங்கள். ஆனால் ஆன்றனியும் அந்தோணியும் அண்ணன் தம்பியாக ஒரே வீட்டில் இருக்கலாம். ஆகவே இது ‘ஒருவராக இருக்கலாம்’ என்று சொல்ல மட்டும், ‘ஒருவரே’ என்று முடிவுகட்ட அல்ல.

தலைப்பெழுத்தை ஒப்பிடாதீர்கள். திருமணமான பெண்ணுக்குப் பள்ளிச் சான்றில் அப்பாவின் எழுத்து, அட்டையில் கணவரின் எழுத்து. உறவினர் பெயரைத் தனியாகவும், தந்தையா கணவரா என்பதைத் தனியாகவும் வையுங்கள். பெயர், பிறந்த ஆண்டு, உறவினர் பெயர், துறைக் கிராமம் என்ற நான்கில் நான்கும் ஒத்தால் ஏற்கலாம். மூன்று ஒத்தால் நேரில் கேட்க வேண்டிய கட்டுக்குள் போடுங்கள்.

9. ஒரு கிராமத்தில் ஒத்திகை

மாவட்டம் முழுக்க ஓட்டும் முன் ஒரே ஒரு துறைக் கிராமத்தை எடுங்கள். பொருந்தியவை, சந்தேகமானவை, முதல் பட்டியலில் மட்டும் உள்ளவை, இரண்டாவதில் மட்டும் உள்ளவை என்று நான்கு கட்டு. பொருந்தியவை, சந்தேகமானவை, முதல் பட்டியலில் மட்டும் உள்ளவை ஆகிய மூன்றையும் கூட்டினால் முதல் பட்டியலின் மொத்த வரி எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால் எங்கோ வரி பெருகியிருக்கிறது அல்லது விழுந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள்.

சந்தேகக் கட்டை நேரில் சரிபார்க்கும் நாளைக் கடல் பார்த்துக் குறியுங்கள். மேற்குக் கரையில் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நம் மாவட்டம் இரண்டு கரைக்கும் பங்காளி, ஆகவே கன்னியாகுமரி பக்கத்துக்கும் குளச்சல் பக்கத்துக்கும் ஒரே முகாம் தேதி சரிவராது. தடைக்காலம் தவிர்த்த நாளில் போனால், ஆழ்கடலுக்குப் போனவர் வாரக்கணக்கில் வரமாட்டார், கிடைக்கும் தகவல் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாக இருக்கும்.

10. கோப்பை அனுப்புதலும் புதுப்பித்தலும்

அனுப்ப யூடிஎஃப்-8 (ஒருங்குறியைக் கோப்பில் சேமிக்கும் முறை) சிஎஸ்வி. எக்செல்லில் திறந்து தமிழ் புரியாத குறிகளாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுவிடவில்லை, திறந்த விதம் தவறு. அப்படியே சேமித்துவிட்டால்தான் கெடும். கோப்புப் பெயரில் துறை, பொருள், தேதி மூன்றும் இருக்கட்டும். ‘இறுதி’, ‘இறுதி புதியது’ என்று பெயரிட்ட கோப்புகளில் எது இறுதி என்று கடவுளுக்கே தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அங்கே போனதைத் திரும்பப் பெற முடியாது.

கூடவே ஒரு பக்கக் குறிப்பு: எத்தனை வரி, எந்த அகராதிப் பதிப்பு, எந்தத் தேதியின் எல்ஜிடி. பெறுபவர் முதலில் வரி எண்ணிக்கையைத்தான் ஒப்பிட வேண்டும்.

மாதம் ஒருமுறை முழுப் பட்டியலையும் அனுப்பாமல், மாறிய வரிகளை மட்டும் அனுப்பலாம். சேர்ந்தது, திருத்தியது, நீக்கியது என்று ஒரு குறி போதும். நீக்கிய வரியை அழிக்காமல் நீக்கிய தேதியை எழுதுங்கள். இறந்தவர், ஊர் மாறியவர், படகு விற்றவர் மூவரும் ‘நீக்கம்’ என்ற ஒரே சொல்லில் மறைந்துவிடுவார்கள், ஆகவே காரணத்துக்கும் ஒரு குறியீடு வையுங்கள். விற்ற படகு வேறொருவர் பெயரில் மறுவாரமே கடலுக்குப் போகும். அந்தப் படகு எண் பழைய உரிமையாளரின் கைபேசியோடு இணைந்தே கிடந்தால், எச்சரிக்கை போய்ச் சேர்வது வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு.